கியர் போடும் கை

இரவு பதினொன்று பத்து. மேட்டுச் சாலை. தெருவிளக்கு ஒன்று விட்டு ஒன்று எரியாது. முன்னாலும் வண்டி இல்லை, பின்னாலும் இல்லை. ஒரு சின்ன வெள்ளைக் கார் முனகிக்கொண்டே ஏறுகிறது. உள்ளே புருஷனும் பெண்டாட்டியும். இரண்டு பேரும் ஒரு வார்த்தை பேசவில்லை...

இங்கேதான் ஆரம்பம். கிட்டே வந்து உட்காருங்கள். மழை நிற்காது, கடைசி பஸ்ஸும் போய்விட்டது. டிரைவிங் பயிற்சியை இவ்வளவு நேரம் இழுத்தது என் தப்புதான். உங்கள் மூன்று பேரையும் வீட்டில் விட ஒருவனை வரச் சொல்லியிருக்கிறேன். வந்து சேர முக்கால் மணி நேரம் ஆகும். அதற்குள் சொல்லி முடித்துவிடுகிறேன். பேய்க் கதை வேண்டும் என்று கேட்டது நீங்கள். நாளைக்குத் தூக்கம் வரவில்லை என்று என் முன்னால் வந்து நிற்கக் கூடாது.

நம் ஆபீஸில் விண்ணப்பம் எழுதித் தருகிறாளே, கண்ணாடிக்காரி... அவளுடைய சித்தப்பாவுக்கு நடந்தது. பாதி அவள் சொன்னது. மீதி நான் கண்ணால் பார்த்தது.

சித்தப்பா லைன்மேன். ஒரு நாள் மின்கம்பத்திலிருந்து விழுந்தார். உயிர் தப்பியது, இடது கை தப்பவில்லை. தோளிலிருந்து சும்மா தொங்கும். விரல் மடங்காது. இனிமேல் ஆட்டோமேட்டிக் வண்டி வாங்கிக்கொள்ளுங்கள் என்று டாக்டர் சொன்னார். சித்தப்பாவுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்ததாம். கிளட்ச் இல்லாத வண்டியில் போவதற்கு நாற்காலிக்குச் சக்கரம் வைத்து உட்காரலாம் என்றாராம்.

சிரிக்காதீர்கள். உங்களுக்குத் தெரியாது. நீங்கள் கற்றுக்கொள்வதெல்லாம் இரண்டு பெடல் வண்டி. ஒன்றை மிதித்தால் போகும், இன்னொன்றை மிதித்தால் நிற்கும். அதில் மூன்று பெடல். இடது காலால் கிளட்சை அமுக்கி, இடது கையால் கியரை மாற்றி, கிளட்சைப் பூப்போல விட வேண்டும். இன்ஜின் சத்தம் ஏற ஏற, அடுத்த கியர் கேட்கிறது என்று காதே சொல்லிவிடும். இந்தப் பைத்தியம் பிடித்தால் தெளியாது. எனக்கும் பிடித்திருக்கிறது, அதனால் சொல்கிறேன்.

சித்திக்கு வண்டி ஓட்டத் தெரியாது. கற்றுக்கொள்ள ஆசையும் இல்லை. ஆனால் வாசலில் நிற்கும் வண்டியைப் பார்த்துப் பார்த்து மனிதர் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தால் எத்தனை நாள் பொறுப்பது? ஒரு நாள் நேராகப் போய்ப் பக்கத்து சீட்டில் உட்கார்ந்துவிட்டார்.

"நீங்க காலால அமுக்குங்க. நான் கையால போடறேன்."

பதினோரு வருஷம் அப்படியே ஓடியது. சித்தப்பா கிளட்சை அமுக்குவார், சித்தி கியரைப் போடுவார். முதலில் "ரெண்டு", "மூணு" என்று வாயால் சொன்னாராம். ஒரு மாதத்தில் அதுவும் தேவைப்படவில்லை. சித்தி இன்ஜின் சத்தத்தைக் கேட்டே போட்டார். சத்தம் கேட்க வேண்டும் என்பதால் வண்டிக்குள் பேச்சே கிடையாது. வீட்டில் இரண்டு பேருக்கும் ஏழாம் பொருத்தம். சண்டை போட்டுக்கொண்டே வந்து வண்டியில் ஏறுவார்கள், கதவைச் சாத்தியதும் கப்சிப். இறங்கியதும் விட்ட இடத்திலிருந்து தொடங்குவார்கள். ஒரு தடவை ஏதோ கோபத்தில் சித்தி ஏற்றத்தின் நடுவில் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். வண்டி நின்றுவிட்டது. பின்னால் பத்து வண்டி ஹார்ன் அடிக்கிறது. சித்தப்பா மன்னிப்புக் கேட்ட பிறகுதான் முதல் கியர் விழுந்ததாம்.

மூன்று விஷயத்தை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். ஒன்று, டாப் கியர் போட்டு முடித்ததும் சித்தி மோதிர விரலால் கியர்க் குமிழில் இரண்டு தட்டுத் தட்டுவார். டக்... டக். என் வேலை முடிந்தது, இனி உன் பாடு என்று அர்த்தம். இரண்டாவது, தினமும் ராத்திரி சித்தப்பாவின் தோளுக்குத் தைலம் தேய்த்துவிடுவார். அந்த வாசனை அவர் உள்ளங்கையைவிட்டுப் போகாது. கியர்க் குமிழிலும் ஏறிவிட்டது. மூன்றாவது... அவர்கள் வீட்டு வாசல் சரிவு. ஹேண்ட்பிரேக் சரியாகப் பிடிக்காது. அதனால் முதல் கியரில் போட்டு நிறுத்திவிட்டு, சித்தப்பா இறங்கிப் போய் கேட்டைத் திறப்பார். கியர் நழுவாமல் சித்தி பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். இறங்கும்போது சித்தப்பா ஜன்னல் வழியாக ஒன்று சொல்வார். "இரு, வந்துடறேன்." பதினோரு வருஷமும் அதே வார்த்தை.

இப்போது அந்தப் பதினொன்று பத்துக்கு வருகிறேன்.

சித்திக்கு நெஞ்சு வலி. ஆம்புலன்ஸுக்குப் போன் செய்தால் நாற்பது நிமிஷம் ஆகும் என்கிறார்கள். அக்கம்பக்கத்தில் எழுப்ப ஆள் இல்லை. சித்தப்பா பின் கதவைத் திறந்து படுத்துக்கொள்ளச் சொன்னார். சித்தி முன் கதவைத் திறந்தார்.

"பின்னாடி படுத்துட்டா கியரை யாரு போடறது?"

அந்த மேட்டுச் சாலை முழுக்க சித்திதான் கியர் போட்டார். வேர்த்துக் கொட்டிய கையோடு. பாதி வழியில் கியர் பல்லைக் கடிக்க ஆரம்பித்தது... கர்... கர்ர்... கைக்குப் பலம் போதவில்லை. சித்தப்பா இரண்டாவது கியரிலேயே போகலாம் என்று கண்ணால் காட்டினால் சித்தி தலையை ஆட்டி மூன்றைப் போட்டார். ஆஸ்பத்திரி வாசல். வண்டி நின்றது. சித்தி நியூட்ரலுக்கு இழுத்தார். குமிழைத் தட்டினார்.

டக்.

சித்தப்பா இரண்டாவது தட்டுக்காகக் காத்திருந்தார். அது வரவில்லை.

பத்து நிமிஷம் முந்தி வந்திருந்தால் என்று டாக்டர் ஏதோ இழுத்தாராம். அந்த வார்த்தை சித்தப்பாவின் நெஞ்சில் முள்ளாகத் தங்கிவிட்டது. முதலிலேயே ஆட்டோமேட்டிக் வாங்கியிருந்தால் அவள் படுத்துக்கொண்டு வந்திருப்பாள், என் வீம்புக்கு அவளைச் சாகும்வரை வேலை வாங்கிவிட்டேன் என்று கண்ணாடிக்காரியிடம் சொல்லிச் சொல்லி அழுதார். அந்த வெள்ளைக் காரை ஒரு வருஷம் தொடவில்லை. பிறகு அதைக் கொடுத்துவிட்டு, கியர்க் கம்புக்குப் பதில் பொத்தான் வைத்த ஆட்டோமேட்டிக் வாங்கினார். பழைய வண்டிக்கு உதிரி பாகமே வருவதில்லை என்று சொல்லி நசுக்கிவிட்டார்கள். புது வண்டியில் முதல் தடவை உட்கார்ந்தபோது பக்கத்து சீட்டைப் பார்த்து, "இனி உனக்கு வேலை இல்ல. நிம்மதியா இரு" என்றாராம்.

முதல் மூன்று நாள் ஒன்றும் இல்லை. நான்காம் நாள், அதே மேட்டுச் சாலை...

உங்களுக்கு ஒன்று சொல்லித் தந்திருக்கிறேன். ஆட்டோமேட்டிக்கில் சில வண்டிகளில், ஏற்றத்தில் இன்ஜின் சத்தம் ஏறினால் ஏறியபடியே நிற்கும். கியர் மாறும் இடமே தெரியாது. பழகாத காதுக்கு அடுத்த கியருக்காக வண்டி கதறுகிற மாதிரி இருக்கும். அந்தச் சத்தம் ஏறியது. ஏறி அப்படியே நின்றது. அப்போது பக்கத்து சீட்டிலிருந்து...

சர்ர்... சர்ர்...

மோதிரம் பிளாஸ்டிக்கில் உரசும் சத்தம். முன்னால், கீழே, சீட்டுக்கு நடுவில். இருட்டில் ஸ்விட்சைத் தேடும் கை எப்படித் தடவும், அப்படி. சத்தம் ஏற ஏற அந்தக் கை வேகமாகத் தேடியது. தைல வாசனை. சித்தப்பாவின் இடது கால் தன்னால் கிளட்சை மிதித்தது. கிளட்ச் ஏது? பிரேக்கில் விழுந்தது. வண்டி நடுரோட்டில் குலுங்கி நின்றது. இன்ஜின் சத்தம் அடங்கியதும் உரசும் சத்தமும் அடங்கியது.

"இதுல கியர் இல்ல. நீ சும்மா வா" என்று தினமும் சொல்லிப் பார்த்தார். கேட்கவில்லை. ஏற்றம் வந்தால் தேட ஆரம்பித்துவிடும். ஒரு மாதத்தில் அந்தப் புது வண்டியின் நடுப் பலகை முழுக்க மெல்லிய கீறல்கள். கண்ணாடிக்காரி விரலால் தடவிப் பார்த்திருக்கிறாள். சித்தப்பா பயப்படவில்லை. அவருக்கு வயிறு எரிந்தது. செத்தும் அவளுக்கு ஓய்வு இல்லையே, இன்னும் எனக்குக் கியர் போட வேண்டும் என்று தேடுகிறாளே என்று.

கிளட்ச் வண்டி ஒன்று கிடைத்தால் போதும், அதில் அவளை உட்கார வைத்துப் பேசிவிடலாம் என்று கிளம்பினார். ஷோரூம் ஷோரூமாக ஏறி இறங்கினார். அதெல்லாம் இப்போது வருவதில்லை சார் என்றான் ஒருவன். இன்னொருவனுக்குக் கிளட்ச் என்றால் என்னவென்றே தெரியவில்லை. பழைய வண்டிச் சந்தையிலும் இல்லை. மிச்சம் இருந்ததெல்லாம் எங்களைப் போன்ற கிறுக்குகளிடம். நாங்கள் விற்க மாட்டோம்.

எங்களுக்கு ஒரு சங்கம் இருந்தது. கிளட்ச் வண்டிக்காரர்கள் மட்டும். மாதம் ஒரு ராத்திரி ஊருக்கு வெளியே, மூடிக் கிடக்கும் லாரி எடை மேடைக்குப் பக்கத்துச் சரிவில் கூடுவோம். ஒரு காலத்தில் இருபத்து மூன்று வண்டி. அப்போது நான்கு. நான், ஒரு பல் டாக்டர், ஒரு கணக்கு வாத்தியார், அப்புறம் ரேடியோ என்று நாங்கள் பட்டப்பெயர் வைத்த ஒருவன். அவன் செல்போன் ரிப்பேர் செய்கிறவன். தூங்கும்போது மட்டும் வாய் மூடுவான், அதுவும் நிச்சயமில்லை. நால்வரும் பேரப்பிள்ளைகளைப் பற்றிப் பேசுவதுபோலக் கிளட்ச் பிளேட்டைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தபோது சித்தப்பா வந்து நின்றார். ஒரு வண்டி கொடுங்கள், விலைக்கு இல்லையென்றால் ஒரு ராத்திரிக்காவது என்றார்.

ரேடியோ அவருடைய தொங்கும் கையைப் பார்த்தான். "பெரியவரே, கையையே தூக்க முடியல. உங்களுக்கு எதுக்குக் கியர் வண்டி?"

எல்லோரும் சிரித்தோம். நானும் சிரித்தேன். அவர் திரும்பிப் போனார். அந்தச் சிரிப்பை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு என்னையே பிடிப்பதில்லை.

அப்புறம்தான் கண்ணாடிக்காரி என்னிடம் முழுக் கதையும் சொன்னாள். எனக்கு மனசு கேட்கவில்லை. ஒரு ராத்திரிதானே என்று சம்மதித்தேன். ஆனால் என் வண்டி, நான் கூட வருவேன் என்றேன். சரி, பின் சீட்டில் உட்காருங்கள் என்றார் சித்தப்பா.

என் வீட்டு வாசல். பதினோரு மணி. சித்தப்பா ஸ்டியரிங்கில் உட்கார்ந்தார். இன்ஜினைப் போட்டார். கிளட்சை அமுக்கினார். காத்திருந்தார்.

ஒரு நிமிஷம்... இரண்டு நிமிஷம்... ஒன்றும் இல்லை. எனக்குக் கொஞ்சம் நிம்மதியாகக்கூட இருந்தது.

திடீரென்று தைலம் மணத்தது. சும்மா லேசாக இல்லை. யாரோ பாட்டிலைத் திறந்து என் மூக்கருகே பிடித்ததுபோல. பிறகு என் வண்டியின் கியர்க் கம்பு இடதுபுறம் சாய்ந்தது. நின்றது. என் வண்டி அதற்குப் புதுசல்லவா, தடம் பார்த்தது. முன்னால் நகர்ந்தது. க்ளிக்.

முதல் கியர்.

நான் இருபத்தாறு வருஷமாகக் வண்டி ஓட்டச் சொல்லித் தருகிறேன். அவ்வளவு இதமாகக் கியர் விழுந்து நான் கேட்டதில்லை. இரண்டு, மூன்று, நான்கு... டக், டக். சித்தப்பாவின் தோள் குலுங்குவது பின்னாலிருந்து தெரிந்தது. அழுகிறாரா சிரிக்கிறாரா என்று தெரியவில்லை. ஒரு வார்த்தை பேசவில்லை.

ஆஸ்பத்திரி வாசல் வந்தது. வண்டி நின்றது. கம்பு தானாக நியூட்ரலுக்கு வந்தது. அப்போதுதான் சித்தப்பா வாயைத் திறந்தார்.

"நான் டாக்டர் பேச்சைக் கேட்டிருக்கணும். நீ படுத்துக்கிட்டு வந்திருப்ப. உன்னை வேலை வாங்கியே கொன்னுட்டேன். என்னை மன்னிச்சுடு."

வெளியே மழை. வைப்பர் சத்தம் மட்டும்.

டக்.

ஒரே தட்டு, அன்றைக்குப் பாக்கி நின்ற தட்டு. அவ்வளவுதான். சித்தப்பா நெற்றியை ஸ்டியரிங்கில் வைத்துக்கொண்டு குழந்தைபோல அழுதார். அவர் அழுது முடிக்கும்வரை அது காத்திருந்தது. அப்புறம் முதல் கியர் விழுந்தது.

திரும்பி வந்தோம். என் வீட்டு வாசலும் சரிவுதான். வண்டி முதல் கியரில் நின்றது. சித்தப்பா முகத்தைத் துடைத்துக்கொண்டு இறங்கினார். என் கேட்டைத் திறப்பதற்காக. பழக்க தோஷம்... ஜன்னல் வழியாகக் குனிந்து, காலி சீட்டைப் பார்த்துச் சொன்னார்.

"இரு, வந்துடறேன்."

என் காதிலும் விழுந்தது. எனக்கு ஒன்றும் உறைக்கவில்லை. அவருக்கும் உறைக்கவில்லை. கேட்டைத் திறந்தார். கண்ணாடிக்காரி ஆட்டோவோடு காத்திருந்தாள். மழையில் நனைகிறாரே என்று அப்படியே கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போய்விட்டாள். அவர் மனசு லேசாகிப் போய்விட்டார். திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

மறுநாள் அவருக்குக் காய்ச்சல். மூன்றாம் நாள் காய்ச்சலில் எழுந்து உட்கார்ந்து, "அவளை இருன்னு சொல்லிட்டு வந்துட்டேன். என்னைக் கூட்டிட்டுப் போ" என்று பிடிவாதம் பிடித்தாராம். காய்ச்சலில் உளறுகிறார் என்று இவள் போர்த்திப் படுக்க வைத்திருக்கிறாள். ஐந்தாம் நாள் விடியும்போது போய்விட்டார். இதைக் கண்ணாடிக்காரி என்னிடம் சாவு வீட்டில்தான் சொன்னாள். அவளுக்கு அதன் அர்த்தம் தெரியவில்லை. எனக்குத் தெரிந்துவிட்டது.

ஏனென்றால் அந்த ஐந்து நாளும் என் வண்டியில் நான் கியர் போடவில்லை. என் கை போவதற்கு முன்னால் கியர் விழுந்துகொண்டிருந்தது.

போனவர்கள் போன இடத்தில் ஒன்று சேர்ந்துவிடுவார்கள் என்று நினைத்திருந்தேன். அவர் அங்கே போய்ச் சேர்ந்தார். சித்தி இங்கே, என் வண்டியில், கியரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். வந்துவிடுகிறேன் என்றாரே.

சாவு வீட்டிலிருந்து திரும்பும்போது, அவர் போய்விட்டதைச் சித்தியிடம் சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தேன். "சித்தி..." என்றேன். அதற்கு மேல் சொல்ல முடியவில்லை. என் குரலைக் கேட்டதும் கம்பு பாதியில் நின்றது. பிறகு சர்ர்... சர்ர்... கை என் பக்கம் தேடி வந்தது. ஸ்டியரிங்கைத் தடவியது. என் இடது தோளைத் தொட்டது. தைலம் தேய்க்கும் இடம். அது அவர் தோள் இல்லை என்று தெரிந்ததும்... பாவி, நான் அதை எப்படிச் சொல்வேன். வீடு வரும்வரை வண்டி முழுக்கத் தேடியது. கதவில், கண்ணாடியில், பின் சீட்டில்.

அன்றிலிருந்து வண்டியில் நான் பேசவில்லை. பேசாமல் ஓட்டினால் சித்தப்பா ஓட்டுகிறார் என்று சித்தி நினைத்துக்கொள்வார். டாப் கியர் போட்டதும் இரண்டு தட்டு. ஒன்றரை வருஷம் அப்படி ஓட்டினேன். ஏமாற்றுகிறோமே என்று உறுத்தும். அந்தத் தேடலை இன்னொரு தடவை கேட்க என்னால் முடியாது.

அப்புறம் என் கிளட்ச் பிளேட் தேய்ந்துவிட்டது. புதுசு செய்கிறவர்கள் யாரும் இல்லை. ஊர் ஊராகக் கேட்டுப் பார்த்தேன். இன்னும் இரண்டு வாரம் தாங்கும் என்றான் மெக்கானிக். அதற்குப் பிறகு என் வண்டியையும் நசுக்கத்தான் வேண்டும். அப்போது சித்தி எங்கே போய் எந்தப் பலகையைக் கீறிக்கொண்டிருப்பார்?

எடை மேடைச் சரிவில் அந்த மூன்று பேரிடமும் முதல் தடவையாக இதைச் சொன்னேன். பல் டாக்டர் எழுந்து போய்விட்டார். வாத்தியார் வானத்தைப் பார்த்தார். ரேடியோ மட்டும் தலையைக் குனிந்துகொண்டிருந்தான். அந்தப் பெரியவரைக் கிண்டல் செய்தவன் அவன்தானே.

"என்கிட்ட ஒரு கிளட்ச் பிளேட் ஒளிச்சு வெச்சிருக்கேன் அக்கா. என் வண்டிக்குத்தான் பொருந்தும். பத்து வருஷம் ஓடும்" என்றான்.

சித்தியிடம் யார் போய் வண்டி மாறச் சொல்வது? பேசவே முடியாதே. கலைந்தோம்.

சரிவில் நிறுத்தினால் எங்கள் ஆட்கள் முதல் கியரில் போட்டுச் சக்கரத்துக்குக் கல் வைப்பார்கள். கை தன்னால் செய்யும். ரேடியோவும் அப்படித்தான் நிறுத்தியிருந்தான், நான் பக்கத்தில் நின்று பார்த்தேன். அவன் போய்ப் பார்க்கும்போது வண்டி ஒரு சாண் உருண்டு கல்லில் சாய்ந்து நின்றது. கதவைத் திறந்தான். கியர் நியூட்ரலில் இருந்தது. தைல வாசனை எனக்கே வந்தது. ரேடியோ என்னைக் கூப்பிட வாயைத் திறந்தான்... மூடிக்கொண்டான். ஏறி உட்கார்ந்தான். பாட்டுப் பெட்டியின் ஒயரைப் பிடுங்கிப் பின்னால் போட்டான். ஒரு வார்த்தை பேசாமல் ஓட்டிக்கொண்டு போனான். என் வண்டியில் நான் போய் உட்கார்ந்தேன். ஒரு வாசனையும் இல்லை. முதல் கியரை நானே போட்டேன். அன்றைக்கு நான் அழுததுபோல என் அம்மா செத்ததற்குக்கூட அழவில்லை.

இது நடந்து மூன்று வருஷம். இன்னும் ஏழு வருஷம் ஓடும். அதற்கப்புறம் எனக்குத் தெரியாது. கேட்காதீர்கள்.

வெளிச்சம் தெரிகிறதா? ரேடியோதான். ஹார்ன் அடிக்க மாட்டான். எழுந்திருங்கள், பையை எடுத்துக்கொள்ளுங்கள். மூன்று பேரும் பின் சீட்டில் நெருக்கி உட்காருங்கள். முன் கதவைத் தொடாதீர்கள். வீட்டுக்கு வழியைத் துண்டுக் காகிதத்தில் எழுதி அவன் கையில் கொடுங்கள். வாசனை வந்தாலும், டக்கென்று கேட்டாலும், வாயைத் திறக்கக் கூடாது.

இறங்கியதும் கதவை மெதுவாகச் சாத்திவிட்டு நேராக வீட்டுக்குள் போய்விடுங்கள். நல்ல பழக்கம் என்று நினைத்து, ஜன்னலில் குனிந்து, இருங்க வந்துடறேன் என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள்.

இருந்துவிடுவார்.